ஸ்பேனர் வழுக்கிய கை: எது சிறு காயம், எது இல்லை?

வாசகர் கேள்வி: "டாக்டர், விடுமுறை நாட்களில் என் காரின் சிறு வேலைகளை நானே செய்துகொள்கிறேன். எஞ்சின் ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது, பேட்டரி மாற்றுவது வரை பழகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு காயத்தோடுதான் எழுந்திருக்கிறேன். சென்ற மாதம் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டிகளில் தோல் பெயர்ந்தது. கிரீஸ் போகட்டும் என்று பெட்ரோல் விட்டுக் கழுவினேன், ஆறிவிட்டது. பிறகு சைலன்சர் குழாயில் முன்கை பட்டுக் கொப்புளம் வந்தது, பற்பசை தடவினேன். பேட்டரியைக் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடம்பில் உரசித் தீப்பொறி பறந்தது, நல்லவேளை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கரத்தைத் தூக்கி மாட்டும்போது நடுவிரல் இடித்துக்கொண்டது. இரண்டு வாரமாகிறது, வலி போய்விட்டது, நுனி மட்டும் கொஞ்சம் தொங்கினாற்போல இருக்கிறது. இதெல்லாம் வேலையோடு வருவதுதானே என்று விட்டுவிடுகிறேன். என் மனைவியோ ஒவ்வொன்றுக்கும் மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார். எதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எதற்கு மருத்துவரிடம் போக வேண்டும்?"

பதில்:

போகிற போக்கில் கடைசியாகச் சொல்லியிருக்கிறீர்களே, அந்தத் தொங்கும் விரல் நுனிதான் இவை எல்லாவற்றிலும் எனக்குக் கவலை தருகிறது. இதைப் படிக்கும்போதே கையை மேசைமீது குப்புற வைத்து, நடுவிரலின் நுனியைத் தானாக நிமிர்த்திப் பாருங்கள். மற்றொரு கையால் தூக்கிவிட்டால் நிமிர்கிறது, விட்டதும் மீண்டும் மடங்குகிறது என்றால், நுனியை நிமிர்த்திப் பிடிக்கும் தசைநாண் அறுந்திருக்கிறது. அல்லது, தான் ஒட்டியிருந்த எலும்பிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு விலகியிருக்கிறது. நீட்டிய விரலின் நுனியில் ஏதாவது மோதி, நுனி சட்டென்று உள்பக்கமாக மடங்கும்போது இது நேர்கிறது. அடி பலமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வலி சில நாட்களில் அடங்கிவிடுவதால் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த வாரமே எலும்பு மருத்துவரிடமோ கை அறுவை சிகிச்சை மருத்துவரிடமோ காட்டி, ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எலும்புச் சில்லு பெரிதாக இல்லாவிட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. நுனி மூட்டை மட்டும் நேராகப் பிடித்துவைக்கும் ஒரு சிறு தாங்கியை 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் அணியச் சொல்வார்கள். விரலின் நடு மூட்டைத் தாராளமாக மடக்கலாம். தோலைக் கழுவத் தாங்கியைக் கழற்றும்போதுகூட நுனி தொங்கக் கூடாது. மேசையின்மேல் தட்டையாக வைத்துக்கொண்டோ, இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லியோதான் கழற்ற வேண்டும். ஒருமுறை மடங்கினாலும் ஒட்டத் தொடங்கிய தசைநாண் பிரிந்துவிடும், வாரக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரண்டு வாரம் கடந்துவிட்டதே என்று சோர்ந்துவிடாதீர்கள். இந்தக் கட்டத்திலும் இந்தச் சிகிச்சை நன்றாகவே பலன் தரும். அப்படியே விட்டுவிட்டால் தொங்கல் நிரந்தரமாகலாம். சிலருக்கு நாளடைவில் நடு மூட்டு பின்பக்கமாக வளைந்து, விரலின் வடிவமே மாறிவிடும்.

உங்கள் மனைவிக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள வழக்குக்கு என் தீர்ப்பைச் சொல்கிறேன். கொப்புளத்துக்கும் முட்டிச் சிராய்ப்புக்கும் பெரும்பாலும் மருத்துவமனை தேவையில்லை. விரலுக்குத் தேவை. நீங்கள் இருவருமே காயத்தின் அளவையும் வலியையும் வைத்து எடைபோடுகிறீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் முதலில் கேட்பவை வேறு இரண்டு: காயப்படுத்தியது எது? காயத்துக்குப் பிறகு அந்த உறுப்பு எதைச் செய்ய மறுக்கிறது? கார் வேலையில் இந்த இரண்டு கேள்விகளும் மிக முக்கியம். அங்கே மிகக் கெட்ட காயங்கள் சில வலியே இல்லாமல் வருகின்றன.

முட்டிகளை எடுத்துக்கொள்வோம். முட்டிமேல் உள்ள தோல் மிக மெல்லியது, அதற்கு அடியிலேயே தசைநாணும் மூட்டும் இருக்கின்றன. ஸ்பேனர் வழுக்கும்போது உங்கள் கை ஒன்றைப் பிடித்தபடி மடங்கியிருக்கிறது. பிறகு விரல்களை நீட்டிக் காயத்தைப் பார்க்கிறீர்கள். அப்போது தோல் ஓரிடத்திலும் தசைநாண் இன்னோரிடத்திலும் நகர்ந்துவிடுவதால், தசைநாணில் விழுந்த வெட்டு தோலுக்கடியில் ஒளிந்துகொள்கிறது. எனவே கழுவிய பிறகு, அடிபட்டபோது கை எப்படி மடங்கியிருந்ததோ அப்படியே மடக்கி, நல்ல வெளிச்சத்தில் காயத்தைத் திறந்து பாருங்கள். உள்ளே வெண்மையாகப் பளபளக்கும் நாடா போன்ற ஒன்று தெரிந்தாலோ, வழவழப்பான தெளிந்த நீர் கசிந்தாலோ, மூட்டோ தசைநாணோ திறந்திருக்கலாம், உடனே போக வேண்டும். அப்படி எதுவும் இல்லாவிட்டால் ஒவ்வொரு விரலின் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியே மடக்கி நீட்டுங்கள். அப்படிச் செய்யும்போது இன்னொரு கையால் லேசாக எதிர்த்துப் பிடியுங்கள். பாதி அறுந்த தசைநாண் வெறுமனே அசைக்கும்போது வேலை செய்யும், எதிர்ப்பு வந்ததும் வலித்துத் தளரும். கடைசியாக விரல் நுனியின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மரத்திருந்தால், அந்தப் பக்கத்து நரம்பு வெட்டுப்பட்டிருக்கலாம். இவற்றில் எதுவும் சரியில்லையென்றால், வெட்டு அரை அங்குலமே ஆனாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம்.

கவனிப்பது என்றால் பெட்ரோல் அல்ல. இதை அழுத்தமாகச் சொல்கிறேன். பெட்ரோலும் தின்னரும் கிரீஸைக் கரைப்பது போலவே தோலின் இயற்கை எண்ணெயையும் கரைத்துவிடுகின்றன. திறந்த காயத்தில் பட்டால் உயிருள்ள திசுவையே எரிக்கும். காயமில்லாத கையையும் பெட்ரோலில் கழுவும் வழக்கத்தை விடுங்கள். வருடக்கணக்கில் அப்படிச் செய்பவர்களின் கைகள் வெடித்து, சொறி பிடித்து, சிறு கீறல்கூட ஆறாமல் கிடப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். காயத்தைச் சுற்றியுள்ள கிரீஸில் சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துணியால் துடைத்தாலே பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்துக்குச் சோப்பு. அதன்பின் காயத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடமாவது காட்டுங்கள். குடிக்கத் தகுந்த சுத்தமான தண்ணீரே போதும், மருந்துக்கடை உப்புநீர்தான் வேண்டும் என்பதில்லை. கருப்புத் துகள்கள் ஒட்டியிருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள். அவை உள்ளேயே இருந்தால் தோல் மூடிய பிறகு பச்சை குத்தியது போல நிரந்தரமாகத் தங்கிவிடும். ஸ்பிரிட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் காயத்துக்குள் ஊற்ற வேண்டாம். பட்டறைப் பசையால் வெட்டை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அழுக்கை உள்ளே வைத்து மூடுவதற்குச் சமம் அது.

ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் தூக்கிப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் உறையத் தொடங்கிய ரத்தம் கலைகிறது. நின்றதும் கொஞ்சம் வாசலின் தடவி மூடிவையுங்கள். காயம் காய்ந்து பொருக்குத் தட்டுவதைவிட ஈரப்பதத்தோடு ஆறுவதே நல்லது.

அடுத்த இரண்டு, மூன்று நாட்களுக்குக் கையைக் கண்காணியுங்கள். சிவப்பு பரவுவது, விண்விண்ணென்று தெறிப்பது, சீழ், காய்ச்சல், கையில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு ஆகியவை மருத்துவரிடம் போகச் சொல்லும் அறிகுறிகள். அவற்றைவிடக் கடுமையான ஒன்றும் உண்டு. விரல் முழுவதும் சீராக வீங்கும், சற்று மடங்கிய நிலையிலேயே நிற்கும், உள்ளங்கைப் பக்கமாகத் தொட்டால் வலிக்கும், வேறொருவர் மெல்ல நிமிர்த்தினால் உயிர் போகும். இந்த நான்கையும் கை மருத்துவர்கள் கனவேல் அறிகுறிகள் என்பார்கள். தசைநாணைச் சுற்றியுள்ள உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் உங்களைப் போன்றவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரீஸ் கன்னை, அதாவது கிரீஸை அழுத்தத்தோடு செலுத்தும் கருவியை, அழுத்தும்போதோ, டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் எரிபொருள் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும்போதோ, விரலில் ஊசி குத்தியது போல ஒரு சுருக். பார்த்தால் கடுகளவு துளை. ரத்தம்கூட வராது. சற்று மரத்தது போல இருக்கும், அவ்வளவுதான். துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே என்ன நடந்திருக்கிறது? அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் அளப்பார்கள். கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேற்பட்ட அழுத்தம். நவீன டீசல் எஞ்சினின் எரிபொருள் குழாயில் 1,000 பாருக்கு மேல் இருக்கும், பல எஞ்சின்களில் 2,000 பார் வரை போகும். கையால் இயக்கும் கிரீஸ் கன்கூட நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் தரக்கூடியது. தோலைத் துளைக்க அதில் ஒரு சிறு பங்கு போதும். உள்ளே புகுந்த டீசலோ கிரீஸோ தசைநாண் உறைகள் வழியாக உள்ளங்கைவரை ஓடிவிடும், ரத்தக் குழாய்களை நெரிக்கும், திசுக்களைக் கரைக்கும். சில மணி நேரம் கழித்து விரல் வீங்கி வெளுத்து வலி தாங்க முடியாமல் போகும்போது, பலருக்கு விரலைக் காப்பாற்றும் நேரம் கடந்துவிடுகிறது.

இந்தத் துளைக்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. வலி இல்லாவிட்டாலும் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து உள்ளே புகுந்ததைக் கழுவி எடுத்தால் விரல் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடும். பதிவு செய்பவரிடம் "சின்னக் காயம்" என்று சொல்லாதீர்கள். "அதிக அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது" அல்லது "கிரீஸ் போய்விட்டது" என்று அந்தப் பொருளின் பெயரோடு சொல்லுங்கள். முடிந்தால் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். துளையைப் பார்ப்பவருக்கு அதன் தீவிரம் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும். கசிவைத் தேட வேண்டுமென்றால் நீளமான அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள். விரல் வேண்டவே வேண்டாம்.

வலி குறைவாகவும் சேதம் அதிகமாகவும் இருக்கும் இன்னொரு இடம் கண். காருக்கு அடியில் படுத்திருக்கும்போது விழும் துரு, அரைக்கும் இயந்திரத்தின் தீப்பொறி எல்லாம் கண்ணின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு உறுத்தும். இரும்புத் துகள் ஒரு நாள் அப்படியே இருந்தால் கருவிழியில் துரு வளையம் படியத் தொடங்கும். தண்ணீரில் கழுவிப் போகாவிட்டால் கண் மருத்துவர் எடுத்துவிடுவார். பஞ்சாலும் கைக்குட்டை முனையாலும் நீங்கள் எடுக்க முயல வேண்டாம். இதைவிட ஆபத்தானது சுத்தியலால் இரும்பை இரும்பின்மேல் அடிக்கும்போது தெறிக்கும் சில்லு. அது கண்ணைத் துளைத்து உள்ளேயே போய்விடும், சிலருக்கு உறுத்தல்கூட இருக்காது. அடித்தபோது ஏதோ பட்டது, இப்போது பார்வை சற்று மங்கல் அல்லது கண்ணில் ஒரு ரத்தப்பொட்டு என்றால், தேய்க்காமல், அழுத்தாமல், கழுவாமல், ஒரு காகிதக் கோப்பையைக் கண்மீது கவிழ்த்து ஒட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி பக்கவாட்டையும் கீழ்ப்பக்கத்தையும் மறைக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், முக்கியமாகப் படுத்து வேலை செய்யும்போது.

பேட்டரித் தீப்பொறிக்கு வருகிறேன். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கு மிகவும் நிம்மதி. 12 வோல்ட் உலர்ந்த கையில் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் காரின் உடம்புக்கும் நடுவே உலோகம் ஒன்று பாலமானால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஓடும். ஸ்பேனர் நொடிகளில் தொடமுடியாதபடி சூடாகும். அந்தப் பாலத்தில் உங்கள் மோதிரமும் சேர்ந்தால் அது விரலைச் சுற்றி வளையமாகத் தீய்க்கும். ஆழமாகத் தீய்ந்த இடத்தில் நரம்பும் செத்துவிடுவதால் அங்கேயும் வலி குறைவு. வேலைக்கு உட்காரும் முன் மோதிரம், கைக்கடிகாரம், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவையுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ் முனை, மாட்டும்போது அது கடைசி. இன்றைய கார்களின் உடம்பு நெகட்டிவோடு இணைந்தது. அதை முதலில் துண்டித்துவிட்டால், பிறகு ஸ்பேனர் உடம்பில் உரசினாலும் மின்சுற்று முழுமையடையாது.

சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதும் நினைவிருக்கட்டும். தீப்பொறி அதைப் பற்றவைத்தால் பேட்டரி வெடித்து, உள்ளே இருக்கும் கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும். அமிலம் கண்ணில் பட்டால் வண்டி தேடி ஓடக் கூடாது. முதலில் குழாயடியில் இமைகளை விரித்துப் பிடித்து 20 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும், அதன் பிறகுதான் மருத்துவமனை. சோடா உப்பைக் கரைத்துக் கண்ணில் விடுவது பெருந்தவறு.

சைலன்சர் கொப்புளத்துக்கு வேண்டியதும் தண்ணீர்தான். குளிர்ந்த ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் முழுதாகக் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். சுட்ட உடனே செய்வது மிக நல்லது, மூன்று மணி நேரம்வரை செய்தாலும் பலன் உண்டு. பற்பசை சூட்டை உள்ளேயே நிறுத்திவைக்கும், காயத்தையும் மறைக்கும். கொப்புளத்தை உடைக்காமல் மூடிவையுங்கள். தீப்புண் உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், முகத்திலோ மூட்டின் மேலோ இருந்தாலும், வெளுத்துத் தோல்வார் போலாகி வலியே இல்லாமல் இருந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இது: உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் சுமார் 120 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், அதில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகி, மிச்சக் கொதிநீரையும் தள்ளிக்கொண்டு பீறிடும். மேலே துணி போட்டுத் திறப்பதால் அது நிற்காது. கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள்.

நகத்துக்கடியில் ரத்தம் கட்டிக் கருத்து, இரவெல்லாம் தெறிக்கிறதா? முதல் ஓரிரு நாளுக்குள் வந்தால் நகத்தில் சிறு துளையிட்டு ரத்தத்தை விடுவிப்போம், வலி உடனே இறங்கிவிடும். டியூபை வாயால் உறிஞ்சி பெட்ரோல் எடுக்கும்போது உள்ளே போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் அது நஞ்சு, இருமல் வந்தாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுத் தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே வெளியே வாருங்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்டு. அங்கே நேர்வது எதுவும் சிறு காயமாக இருக்காது என்பதால் இந்தப் பதிலில் அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

முட்டி பெயர்வதைக் குறைக்க வழி உண்டு. துருப்பிடித்த போல்ட்டில் துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே விட்டுவையுங்கள். நட்டின் ஆறு பக்கங்களையும் சரியாகக் கவ்வும் அறுகோண சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். ஸ்பேனரை உங்களை நோக்கி இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் விரல்களை விரித்து உள்ளங்கையால் தள்ளுங்கள், வழுக்கினாலும் முட்டி முன்னால் போகாது. ஆயில் வேலைக்கு மெல்லிய நைட்ரைல் கையுறை நல்லது. ஆனால் டிரில், கம்பி பிரஷ் போலச் சுழலும் எதன் அருகிலும் கையுறை கூடாது, அது கையையும் சேர்த்து இழுத்துவிடும். ரேடியேட்டர் மின்விசிறி பல கார்களில் எஞ்சினை நிறுத்திய பிறகும் தானாகச் சுழலத் தொடங்கும் என்பதை பானெட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

சென்ற மாதக் காயத்துக்கு டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று எழுதவில்லை. சிறுவயது ஊசிகள் எல்லாம் முறையாகப் போட்டிருந்தால், சுத்தமான சிறு வெட்டுக்குக் கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு கடந்திருந்தால்தான் மீண்டும் தேவை. மண்ணும் கிரீஸும் கலந்த காயங்களுக்கு 5 ஆண்டு கடந்திருந்தாலே ஒன்று போட வேண்டும், கார் வேலையில் படுபவை பெரும்பாலும் இந்த வகைதான். கடைசியாக எப்போது போட்டோம் என்றே தெரியாவிட்டால் அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். அழுக்கான காயமென்றால் தடுப்பூசியோடு உடனடிப் பாதுகாப்புக்கு இன்னொரு ஊசியும் தேவைப்படலாம். காயம் பட்ட அன்றே போட முடியாவிட்டாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ போடுவதிலும் பயன் உண்டு, நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம்.